பத்து வாட்டுக்குக் கீழே

பகல் பதினொன்றரை மணிக்கு எரிந்துகொண்டிருக்கும் விளக்கைப் போல் அசிங்கமான பொருள் உலகத்தில் வேறொன்று கிடையாது என்று பூதலிங்கத்துக்குத் தோன்றியது. கார் முன்விளக்குக்குப் போடுகிற ஐம்பத்தைந்து வாட் பல்பு. மூடி இல்லாமல், ஒரு பலகையில் இரண்டு ஆணிக்கு நடுவே கம்பியால் கட்டப்பட்டு, கூச்சமே இல்லாமல் எரிந்தது. அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர்கள் அவருடைய ஆரஞ்சு நிற பேட்டரிப் பெட்டிக்குப் போயின. வண்ணார்பேட்டை கிருபை பேட்டரி ஹவுஸின் சோதனைக்கூடம் மொத்தமும் அவ்வளவுதான். நாற்பது நிமிஷம் எரியட்டும் சார், செல் போயிருந்தா அதுக்குள்ள காட்டிக்கொடுத்துரும் என்று சொல்லிவிட்டு, கடைக்காரி ரெஜினா யாருடைய இன்வெர்ட்டர் பேட்டரிக்கோ தண்ணீர் ஊற்ற உள்ளே போய்விட்டாள். அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, அணைந்து தொலை என்று வாய்க்குள்ளேயே பல்பிடம் சொன்னார். ஏழு வாரம் படித்து, கட்டம் போட்டு ஒப்பிட்டு, மூன்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, ஒன்று மட்டும் பதில் போட, அதையே வாங்கிய பெட்டி அது. ஊரில் அவ்வளவு யோசித்துப் பெண் கட்டியவன்கூட இருக்கமாட்டான். அந்தப் பெட்டி இப்போது செத்துப்போக வேண்டும். செத்தால்தான் செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு நரம்பு டாக்டரிடம் போகவேண்டாம். சாகவில்லையென்றால் போகவேண்டும். வீட்டில் யாரும் இப்படி வெளிப்படையாகப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும், மனைவி வடிவுக்குத் தெரியும், ஓசூரில் இருக்கும் மகள் சங்கரிக்குத் தெரியும். பழுது பெட்டியிலா, பூதலிங்கத்திலா என்பதுதான் கேள்வி, அதற்குப் பதில் சொல்லும் உரிமை ஒரு பல்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, ஐம்பத்தைந்து வாட் பல்பு, விலை நூறு ரூபாய் இருக்குமா, இருக்காது.

ஸ்டூலின் ஒரு கால் குட்டை. ஒவ்வொரு தடவை மூச்சு விடும்போதும் அது டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு பேட்டரிக் கடையில், அதாவது ஓல்டேஜ் என்றும் ஆம்பியர் என்றும் அளந்து விற்கிற இடத்தில், நாலு கால் ஒரே நீளமாக இருக்கிற ஸ்டூல் இல்லை. மூக்கில் அமில வாசனை ஏறியது. முப்பத்துமூன்று வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் சோதிக்கிற வேலை பார்த்தவர் அவர். அந்த வாசனை ஒரு காலத்தில் சட்டையிலேயே இருந்தது, வடிவு துவைக்கும்போது முணுமுணுப்பாள். அப்படிப்பட்ட மனுஷனால் பன்னிரண்டு ஓல்ட்டை, வெறும் பன்னிரண்டை, பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைக்க முடியவில்லை. ஸ்தனிஸ்லாஸ் சொன்ன மாதிரி. இல்லை, ஸ்தனிஸ்லாஸ் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பல்லைப் பேத்திருக்கலாம். அவன் சொன்னது அதைவிட மோசம். தோளில் கையை வைத்தான். நாற்பது வருஷச் சிநேகிதத்தில் ஒரு நாளும் தோளில் கை வைத்ததில்லை, தலையில் குட்டியிருக்கிறான், முதுகில் அறைந்திருக்கிறான், ஓய் கரண்டு என்று கூப்பிட்டு மானத்தை வாங்கியிருக்கிறான். அந்த ராத்திரி தோளில் கை வைத்து, நோயாளி வீட்டுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனவனுடைய குரலில், 'சார்ஜ் போட மறந்துட்டீரோ? பரவாயில்லவே, எல்லாருக்கும் நடக்கதுதான்' என்றான். எல்லாருக்கும் நடக்கது. எல்லாருக்கும் நடந்தால் உமக்கு ஏன்வே நடக்கவில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் உரமூட்டை எண்ணின கை, அதன் கனம் இப்போதும் தோளில் இருந்தது, தட்டிவிட்டாலும் போகவில்லை.

போன சனிக்கிழமை. சனிக்கிழமையன்று சனிக்கிரகம் காட்டலாம் என்று யோசனை சொன்னதே அவர்தான், விளையாட்டாக. பதினொரு பேர் உள்ள வான்நோக்குவோர் வட்டத்தில் அதற்குப் பெரிய சிரிப்புக் கிடைத்தது. நூற்றுநாற்பது பேர் வந்தார்கள். பாதிப் பேருக்குப் பயம். ஒரு அம்மாள் தனக்கு ஏழரை நடக்கிறது, நேருக்கு நேர் பார்க்கலாமா, இல்லை கண்ணாடியில் காட்டுவீர்களா என்று கேட்டாள். ஒருவர் செருப்பைக் கழற்றி வரிசைக்கு வெளியே விட்டுவிட்டு வந்து, கண்ணை வைக்கும் முன் கும்பிட்டார். அந்த வளையத்தைப் பார்த்ததும் அந்த மனிதர், அட, கம்மல் மாதிரில்லா இருக்கு என்றது பூதலிங்கத்துக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சனிக்கு மந்தன் என்று ஒரு பெயர் உண்டு, மெதுவாக நடப்பவன். ஆனால் தொலைநோக்கியின் குழாய்க்குள் எந்தக் கிரகமும் மெதுவாக நடக்காது. பூமி சுழல்கிற சுழற்சியில் நாற்பது எண்ணுவதற்குள் வட்டத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடி மறைந்துவிடும். அதைத் துரத்திப் பிடிப்பதற்குத்தான் மவுண்டு. குழாயைத் தாங்குகிற அந்த இரும்புத் தலைக்குள் இரண்டு மோட்டார்கள், பூமி ஒரு பக்கம் திரும்பத் திரும்ப இவை மறுபக்கம் திருப்பிக்கொண்டே இருக்கும், அவ்வளவு மெதுவாக, காதை வைத்தால்தான் கேட்கும், குழந்தை உறக்கத்தில் பல்லைக் கடிக்கிற மாதிரி. மின்சாரம் ஒரு நொடி நின்றால் போதும், மவுண்டு எல்லாவற்றையும் மறந்துவிடும். இன்றைக்கு என்ன தேதி, மணி என்ன, இது எந்த ஊர், எது எந்த நட்சத்திரம். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏழு பன்னிரண்டுக்கு மின்சாரம் நின்றது. சொல்லிக்கொடுத்தார். திருநெல்வேலி என்று அதற்குத் தெரியாது, எட்டு புள்ளி ஏழு வடக்கு என்றால் தெரியும். மூன்று நட்சத்திரங்களைக் காட்டிக்கொடுத்தார். நூற்றுநாற்பது பேர் பின்னால் நின்று இருமினார்கள். மறுபடி ஏழு ஐம்பத்தெட்டுக்கு நின்றது. சனி விளையாடுதுப்பா என்று வரிசையில் யாரோ சொல்ல, சிரிப்பு, பிறகு பைக் உதைக்கிற சத்தங்கள். ஏழரை அம்மாளின் முறை வரவே இல்லை. அவள் நிம்மதியாகத்தான் போனாள், அதுவும் ஒரு அவமானம்.

பல்பு மங்கினதா. இல்லை, ரோட்டில் லாரி மறைத்தது. லாரி போனதும் முன்னைவிடத் திமிராக எரிந்தது.

ஆரம்பத்தில் ரெஜினா பெட்டியின் பட்டனைத் தட்டினபோது தொண்ணூற்றுமூன்று என்று காட்டியதே, அந்த அரை நிமிஷம் அவர் எவ்வளவு உயரத்தில் இருந்தார். தொண்ணூற்றுமூன்று சதவீதம். சனிக்கிழமைக்குப் பிறகு அந்தப் பெட்டி இருந்த பையை யாரும் தொடவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்தது, இரண்டு தடவை அவர் உதைத்ததைத் தவிர வேறு எதுவும் அதற்கு நடக்கவில்லை. ஆக அன்றைக்கு அது நிறையச் சார்ஜோடு இருந்தது. ஆக அவர் மறக்கவில்லை. ஸ்தனிஸ்லாஸை இப்போதே கூப்பிட்டு, வேய், சார்ஜ் போட மறந்தவன் பெட்டியில் தொண்ணூற்றுமூன்று எப்படிவே இருக்கும் என்று கேட்கப் போனை எடுத்துவிட்டார். அதற்குள் ரெஜினா சொன்னாள், நம்பரை நம்பாதீங்க சார், செல்லு செத்தாலும் இந்தப் பெட்டிங்க தொண்ணூறுன்னுதான் காட்டும், லோடு குடுத்தாத்தான் வண்டவாளம் தெரியும். அதுவும் நல்லதுதான் என்று அவர் அப்போது நினைத்தார். இன்னும் நல்லது. செல் செத்தது என்று ஒரு வெளியாள், தொழில் தெரிந்தவள், பல்பைச் சாட்சி வைத்துச் சொல்லட்டும். வடிவிடம் போய் நின்று, கேட்டியா என்று சொல்லவேண்டும். இந்த ஒரு வாரமாக வடிவு அவரை ஏசவில்லை. முப்பத்தாறு வருஷம் காலையில் காப்பி கொடுக்கும்போது ஒன்று, குளிக்கப் போகும்போது ஒன்று என்று வேளை தவறாமல் ஏசினவள். இப்போது வாசல் லைட்டை அவர் அணைக்காமல் விட்டால், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் அணைக்கிறாள். சுவிட்சை அழுத்தும் சத்தம்கூடக் கேட்காதபடி விரலைச் சுவிட்சின் மேல் வைத்து மெதுவாக. அந்த மெதுவைத்தான் தாங்கமுடியவில்லை. சங்கரி போனில், அப்பா நீங்க டென்ஷன் ஆகாதீங்க, சும்மா ஒரு செக்கப்தான் என்கிறாள். சும்மா என்றால் ஏன் போகவேண்டும், போகவேண்டும் என்றால் அது எப்படிச் சும்மா. இந்த மாதிரிக் கேட்டால் முன்பெல்லாம் அவள் எதிர்த்துப் பேசுவாள். இப்போது, சரிப்பா என்கிறாள்.

அவருடைய அண்ணன் சுடலைமுத்துவுக்கு அறுபத்துநாலாவது வயதில் தொடங்கிற்று. பூதலிங்கத்துக்கு இப்போது அறுபத்துமூன்று. இதை நினைக்கக் கூடாது என்று எதிர்ச் சுவரில் தொங்கிய டிஸ்டில்ட் வாட்டர் கம்பெனிக் காலண்டரைப் படித்தார். அமாவாசை, கரிநாள், அரசு விடுமுறை, எல்லாம் படித்தும் பயனில்லை, அண்ணன் அதற்குள் வந்துவிட்டான். சிவப்புத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு. காலையில் பத்து மணிக்கு முடிவெட்டிச் சவரம் செய்துகொண்டு வந்தவன், மத்தியானம் சாப்பிட்டு எழுந்து, முடி வெட்டணும் என்று மறுபடி அதே சலூனுக்குப் போனான். அந்தக் கடைக்காரர், பெயர் சண்முகையா, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துத் துணி போர்த்தி, இல்லாத முடியில் கால் மணி நேரம் கத்தரியை ஓட்டி, மழமழவென்று இருந்த கன்னத்தில் சோப்புப் போட்டு, கத்தியின் முதுகால் வழித்து, பவுடர் தட்டி அனுப்பினார். காசு வாங்கவில்லை. குடும்பத்தில் எல்லாரும் சண்முகையாவின் பெருந்தன்மையைப் பேசிப் பேசி அழுதார்கள். பூதலிங்கம் ஒருவர்தான் அந்த மனுஷனைக் கொல்ல வேண்டும் என்று நினைத்தார், இன்றைக்கும் நினைக்கிறார். கத்தியின் முதுகு. யோவ், காலையிலதானய்யா வந்துட்டுப் போன, புத்தி பிசகிப்போச்சா உனக்கு என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அண்ணன் வெட்கப்பட்டிருப்பான், கோபப்பட்டிருப்பான், ஏதாவது ஒன்று பட்டிருப்பான். அதற்குப் பதிலாக எல்லாருமாகச் சேர்ந்து அவனைத் தடவிக்கொடுத்துத் தடவிக்கொடுத்து இல்லாமல் ஆக்கினார்கள். பரவாயில்ல, பரவாயில்ல என்றார்கள், கடைசி வரை. ஒரு மனுஷன் செய்வதெல்லாம் பரவாயில்லை என்று ஆகிவிட்டால் அவன் அங்கே இருக்கிறான் என்பதற்கு என்ன அத்தாட்சி.

இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. பெட்டி செத்தால் வேறு வாங்கவேண்டுமே என்று ரெஜினா மூன்றை எடுத்து மேசையில் வைத்திருந்தாள். கண்ணை அவற்றில் வைக்க முயன்றார். முதலாவது, போனுக்குப் போடுகிற பவர் பேங்கின் பெரியப்பா மாதிரி ஒன்று, அட்டையில் ஐம்பதாயிரம் மில்லி ஆம்பியர் என்று கொட்டை எழுத்து. அந்த ஐம்பதாயிரம் எந்த ஓல்ட்டில் என்று கேட்டால் ஒரு பயலும் சொல்லமாட்டான். உள்ளே இருக்கிற செல் மூன்றரைச் சொச்சம் ஓல்ட், அதில் எண்ணிய ஐம்பதாயிரம் பன்னிரண்டுக்கு ஏற்றும்போது பதினையாயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும், படி அரிசி என்று சொல்லி ஆழாக்கில் அளந்துபோடுகிற வேலை. முப்பத்துமூன்று வருஷம் அளவுகளின் நேர்மைக்குக் காவல் நின்றவரிடம் ஐம்பதாயிரம். இரண்டாவது, கார் கிளம்பாமல் போனால் உதைத்துக் கிளப்புகிற பெட்டி. அது ஒரு நொடியில் முந்நூறு ஆம்பியர் கொட்டும், கொட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளும். தேர்தல் நேரத்துத் தொண்டன் மாதிரி. மவுண்டுக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஒரு துளி, ஆனால் விடாமல், மூன்று மணி நேரத்துக்கு ஒரே சீராக. மூன்றாவது சாதாரண ஈய பேட்டரி, ஸ்கூட்டர் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது, எட்டு கிலோ, மேலே ஒரு கைப்பிடி, ஒரு சுவிட்ச், ஒரு ஃப்யூஸ். திரை கிடையாது, எண் கிடையாது. ஏழு வாரம் கட்டம் போட்டபோது இதைத்தான் அவர் முதலில் அடித்து நீக்கினார். பாரம், பழைய காலத்துச் சாமான் என்று ஓரத்தில் எழுதிய ஞாபகம். எழுதினாரா. எழுதினார். ஞாபகம் இருக்கிறது, பாருங்கள், கட்டத்தின் மூன்றாவது பத்தி, ஞாபகம் இருக்கிறது. யாரிடம் பாருங்கள் என்று சொல்கிறோம் என்று நினைத்ததும் மறுபடி கோபம் வந்தது. இப்படித்தான் ஆகிவிட்டது இந்த வாரம், ஒவ்வொன்றையும் ஞாபகத்தில் வைத்திருப்பதற்கு யாரோ மார்க்குப் போடுகிற மாதிரி. காலையில் சாவி எங்கே என்று தேடவில்லை, ஒரு மார்க்கு. பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர் நாக்கு வரை வந்து நின்றது, மைனஸ் ஒன்று. மரிய, மரிய, மரிய என்னமோ. இப்போதும் வரவில்லை.

வேலையில் இருந்தபோது, கரண்டை எரிக்காமலே மீட்டர் ஓடுகிறது என்று மனுக் கொடுப்பார்கள். அப்படி வருகிறவர்களைச் சோதனை மேசைக்கு முன்னால் உட்காரவைப்பது அவருடைய வழக்கம், ஒளிவுமறைவு இல்லை என்று காட்டுவதற்கு. அவர்கள் சுழலும் தகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நூற்றில் தொண்ணூற்றேழு பேருக்கு மீட்டர் சரியாகத்தான் இருக்கும். அதைச் சொல்லும்போது அந்த முகங்கள் போகிற போக்கை அவர் சுவாரசியமாகப் பார்த்திருக்கிறார், மறுப்பதற்கில்லை, கொஞ்சம் ருசித்தும் பார்த்திருக்கிறார். டவுனில் பலகாரக்கடை வைத்திருந்த ஒருவர், அப்ப நாந்தான் அவ்வளவு எரிச்சேனா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம், நீங்கள்தான் என்று இவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார். அந்த மனிதர் இந்த மாதிரி ஒரு ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தார். அதுவும் ஆடியிருக்குமோ. முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. கொஞ்சம் மங்கு. நீ என் காசில் வாங்கிய பெட்டியின் மின்சாரத்தைத்தானே தின்கிறாய். ஒரு அரை ஓல்ட் இறங்கு போதும். முப்பத்தாறு. பல்பின் வெளிச்சம் கண்ணில் பதிந்து, எங்கே பார்த்தாலும் பச்சையாக ஒரு புழு நெளிந்தது. முப்பத்தெட்டு. நாற்பது.

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து மீட்டரை வைத்துப் பார்த்தாள். பெட்டி எழுபத்தெட்டு காட்டியது. ஐம்பத்தைந்து வாட் நாற்பது நிமிஷம் இழுத்தால் பதினைந்து சதவீதம் குறையவேண்டும் என்பதை அவர் உட்கார்ந்த இடத்திலேயே மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். பதினைந்துதான் குறைந்திருந்தது.

"செல்லெல்லாம் கல்லு மாதிரி இருக்கு சார்" என்றாள். "ஒரு கொறையும் கிடையாது."

பிறகு கோபம் இன்னொரு வழியாகப் புறப்பட்டு வந்தது. சார்ஜும் இருந்திருக்கிறது, செல்லும் நன்றாக இருக்கிறது என்றால் பிறகு நின்றது எதற்கு, சனியின் பார்வை பட்டா. அதைத்தான் வேறு வார்த்தைகளில் கேட்டார். ரெஜினா அதில் என்ன சாமான் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டாள். தொலைநோக்கி, மவுண்டு, இரண்டு மோட்டார் என்று அவர் விளக்கத் தொடங்கி, பூமியின் சுழற்சி வரை போய்விட்டார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதெல்லாம் சரி, எத்தனை வாட் இழுக்கும் என்றாள். குழாயைத் திருப்பும்போது இருபது, பிறகு கிரகத்தோடு நகரும்போது வெறும் ஐந்து என்று அவர் சொன்னார். ஐந்து என்பதில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு, பிச்சைக்காரத்தனம் இல்லாத சிக்கனம்.

ரெஜினா சிரித்துவிட்டாள். "அஞ்சு வாட்டா? அப்படி ஒருத்தன் தொங்கிக்கிட்டு இருக்கதே இந்தப் பெட்டிக்குத் தெரியாதே சார். யாருமில்லன்னு நெனச்சு அதுவா அணைஞ்சிரும்."

மீன் தொட்டிக்குக் காற்றடிக்கிற பம்புக்கு என்று இதே மாதிரிப் பெட்டி வாங்கிப்போன ஒருவர் மறுநாள் பிளாஸ்டிக் பையில் செத்த மீன்களோடு வந்து கடை வாசலில் நின்ற கதையைச் சொன்னாள். ஏழு தங்கமீன், ஒரு கறுப்பு. இந்தக் காலத்துப் பெட்டிகள் ரொம்பப் புத்திசாலி, சார்ஜை மிச்சம் பிடிக்கிறேன் என்று தானாகப் படுத்துவிடும், அப்படிப் படுக்காமல் இருக்க ஏதோ பட்டனைக் கொஞ்ச நேரம் பிடித்து அமுக்கவேண்டும் என்றாள். ஏழு பன்னிரண்டு, ஏழு ஐம்பத்தெட்டு. இரண்டு தடவையும் கடைசியாகக் குழாயைத் திருப்பி அரை மணி கழித்து. எல்லாம் சரியாகப் பொருந்தியது. அப்படியானால் அவர் மேல் தப்பே கிடையாது. கம்பெனிக்காரன் மேல். இதைக் குறிப்புப் புத்தகத்தில் போடாதவன் மேல். ஏனென்றால் குறிப்புப் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்காமல் எந்தப் பொருளின் பட்டனையும் பூதலிங்கம் தொட்டதில்லை. மிக்சி வாங்கியபோதுகூட, வடிவு தேங்காயைத் துருவி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தாள். எழுதியிருந்தால் படித்திருப்பார், படித்திருந்தால் செய்திருப்பார். இந்த அயோக்கியத்தனத்துக்கு ஒரு வழக்கே போடலாம். பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து, இதோ காட்டுகிறேன் என்று புத்தகத்தை எடுத்தார். எழுத்து எறும்பு அளவு. அவர் கண்ணாடியை மாற்றினார். பதினாலாம் பக்கத்தில் இருந்தது. பத்து வாட்டுக்குக் குறைவான சுமை முப்பது நிமிடம் தொடர்ந்தால் என்று தொடங்குகிற வரி. அதன் கீழே பச்சை மையில், அளவுகோல் வைத்து இழுத்த கோடு. பக்கத்தில் அதே பச்சை மையில்: 'மறக்கக் கூடாதது. ஒவ்வொரு முறையும் பட்டனை 3 விநாடி பிடித்து அழுத்தவும். சோதித்தேன், சரி. 9 பிப்ரவரி.' கீழே சின்னச் சின்ன டிக்குகள், வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. அவருடைய கையெழுத்து. ஒற்றைக்கொம்பை அப்படிச் சுழித்துப் போடுகிறவர் ஜில்லாவிலேயே வேறு யாரும் கிடையாது. எண்ணினார். பதினொன்று. பதினொரு தடவை அழுத்தியிருக்கிறார், பதினொரு தடவை டிக் போட்டிருக்கிறார். போன சனிக்கிழமைக்கு இல்லை.

சரி, மறந்தது மறந்தது, ஒரு பட்டன். அது இல்லை. கோடு போட்ட ஞாபகம் இல்லை. அளவுகோல் எடுத்த ஞாபகம் இல்லை. ஒரு டிக், பதினொன்றில் ஒன்றே ஒன்று, எந்த இடத்தில் நின்று, எந்த ராத்திரி, யார் பக்கத்தில், மழைக்காலமா வெயில் காலமா. பச்சைப் பேனா ஞாபகம் இருக்கிறது, ரீஃபில் கிடைக்காமல் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அலைந்தது ஞாபகம் இருக்கிறது, பேனாவை வைத்து இதை எழுதினது எங்கேயும் இல்லை. வேறு யாரோ ஒரு பூதலிங்கம், சுத்தமான ஆள், ஒழுங்கான ஆள், தனக்குப் பின்னால் வரப்போகிற ஒரு மறதிக்காரனுக்காக அக்கறையாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தப் பூதலிங்கம் மேலும் கோபம் வந்தது. அவ்வளவு தெரிந்தவன் ஏன்டா போனாய். கண்ணை மூடி மறுபடி தேடினார். பலகாரக்கடைக்காரர் இருந்தார், அண்ணனின் துண்டு இருந்தது, மிக்சியும் தேங்காயும் இருந்தன. பச்சைக் கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இருட்டுக்கூட இல்லை.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். அவள் படித்தாளா இல்லையா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்திருப்பாள். இந்த ஒரு வாரமாக எல்லாரும் பேசுகிற குரலுக்கு அவளும் இறங்கினாள். "வாரண்டி இருக்குல்லா சார், செல்லு வீக்குன்னு எழுதித் தரட்டா? மாத்திக் குடுத்துருவாங்க."

ஒரு துண்டுச் சீட்டு. கடை முத்திரையோடு. அதை வடிவின் கையில் கொடுத்தால் போதும், அவள் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் படித்து, இரண்டு தடவை படித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். சங்கரி போனில் அழுவாள், சிரிப்பாள். செவ்வாய்க்கிழமை நாலரைக்கு வேறு யாராவது போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்பதற்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். ஸ்தனிஸ்லாஸ் மன்னிப்புக் கேட்பான், கேட்கவைக்கலாம், வட்டத்தின் கூட்டத்தில் எல்லார் முன்னாலும். ரெஜினா சீட்டுக் கட்டை இழுத்துவிட்டாள். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றினாள். ஒரு விநாடி அவர் அவளைத் தடுக்கவில்லை, இரண்டு விநாடி, மூன்று. சீட்டில் தேதியைப் போட்டாள். இந்தப் பொம்பளைக்கு அவர் யார், எதற்காகப் பொய் எழுதுகிறாள். பாவம் என்றுதானே. கத்தியின் முதுகு.

"எழுதாதீங்க" என்றார். சத்தம் அதிகமாக வந்துவிட்டது. ரோட்டில் ஷேர் ஆட்டோவுக்கு நின்றவர்கள் திரும்பினார்கள். "பெட்டி நல்லா இருக்குன்னுதான சொன்னீங்க. நல்லா இருக்குன்னே எழுதுங்க."

நல்லா இருக்கிற பெட்டிக்கு எதற்குச் சீட்டு என்று ரெஜினா எரிச்சலாகக் கேட்டுக் கட்டைத் தள்ளிவைத்தாள். அந்த எரிச்சல் அவருக்குப் பிடித்திருந்தது. மூன்றாவதைக் காட்டி, அதைத் தாருங்கள் என்றார். ஈயத்தையா, இதைச் சுமந்துக்கிட்டா நட்சத்திரம் பாக்கப் போவீங்க என்று அவள் கேட்டாள். அதற்குச் சுவிட்ச் இருக்கிறது, போட்டால் ஓடும், அணைத்தால் அணையும், நடுவில் அதற்கென்று ஒரு அபிப்பிராயம் கிடையாது என்று சொன்னார். ஆரஞ்சுப் பெட்டியில் தப்பு ஒன்றுமில்லை, அதற்கு எதையாவது ஞாபகம் வைத்திருக்கிற ஆள் வேண்டும். இந்தக் கடைசியை அவர் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்து, எட்டு கிலோவை வலது கையிலும் பையை இடது தோளிலும் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். வெயில் மண்டையில் இறங்கியது. பஸ் நிறுத்தம் வரை போய்ப் போனை எடுக்கலாம் என்று நினைத்தார். அங்கே போவதற்குள் மனசு மாறிவிடும் என்றும் தெரிந்தது. ஒரு வேப்பமரத்தடியில் பேட்டரியை இறக்கி வைத்தார்.

வடிவு முதல் மணியிலேயே எடுத்தாள். கையில் போனை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். என்ன சொன்னாங்க என்று கேட்டாள், அதே மெதுவில்.

"பெட்டிக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் மீதியையும் சொன்னார், கோபமாகவே சொன்னார், பட்டன், பச்சை மை, பதினொரு டிக், எழுதின ஞாபகம் சுத்தமாக இல்லை என்பது வரை. இடையில் ஒரு இடத்தில் குரல் ஒரு மாதிரி ஆனபோது பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் காப்பாற்றியது. முடித்துவிட்டு, இப்போது அந்த வார்த்தை வரப்போகிறது, பரவாயில்ல என்று வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு பட்டன அமுக்க மறந்துட்டு" என்றாள் வடிவு. மூச்சு வாங்கிக்கொண்டாள். "ஒரு பட்டன அமுக்க மறந்துட்டு, ஒரு வாரமா வீட்டுல மனுசன் குடியிருக்க முடியாம ஏசிக்கிட்டு கெடந்தீங்க. ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் அஞ்சு தடவ கூப்பிட்டாரு, எடுக்கல. அவரு என்ன பாவம் பண்ணாரு? அந்தப் பிள்ள ஓசூர்ல உக்காந்து சோறு திங்காம கெடக்கு. நான் ஒரு வார்த்த பேசப் பயந்து, வாயக் கட்டிக்கிட்டு, பூன மாதிரி நடந்துக்கிட்டு... எனக்கு நெஞ்சடைக்குங்க, தெரியுமா உங்களுக்கு?"

குரல் ஏறிக்கொண்டே போனது. அதில் அழுகை இருந்தது, ஆனால் அதைவிடக் கோபம் அதிகமாக இருந்தது, முப்பத்தாறு வருஷத்துச் சரக்கு, ஒரு வாரம் அடைத்து வைத்திருந்தது. புதிதாக ஏதாவது வாங்கினீர்களா என்று திடீரென்று கேட்டாள். சொன்னார். எத்தனை கிலோ என்றாள். அதையும் சொன்னார்.

"எட்டு கிலோவா? அத வேற தூக்கிக்கிட்டு பஸ்ல வாறீங்களாக்கும்? முதுகு புடிச்சா யாரு எண்ண தேச்சு விடுவா? ஆட்டோ புடிச்சு வாங்க, அவன் கேக்கதக் குடுத்துத் தொலைங்க."

"செவ்வாக்கெழம போவோம்" என்றார் பூதலிங்கம்.

"போகாம பின்ன?" என்று கேட்டுவிட்டு, வாசல் லைட்டை அணைக்காததிலிருந்து அவள் மறுபடி ஆரம்பித்தாள். ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்று, எங்க சார் என்றது. கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி, அவள் முழுவதையும் ஏசி முடிக்கட்டும் என்று வெயிலில் நின்றார்.